கையை எடுத்த பிறகுதான் தும்பி கம்பங்களைக் கற்றாள்

பத்தாவது கம்பத்தில் என் நாய் தும்பி வெளியே வந்துவிட்டாள். திரும்ப அழைத்துவந்து முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் பத்தாவதில் வெளியேறினாள். மூன்றாவது முறை ஒன்பதிலேயே விலகி என் காலடிக்கு வந்து நின்று முகத்தைப் பார்த்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு களத்தைவிட்டு வெளியே நடந்தேன். அது நாங்கள் கலந்துகொண்ட முதல் அஜிலிட்டி போட்டி, அதாவது நாய் பலவகைத் தடைகளை வரிசையாகக் கடந்து ஓடும் போட்டி. பயிற்சித் திடலில் அதே 12 கம்பங்களை ஒரு மாதமாகத் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தவள் அவள்.

நண்பர் ஒருவர் எடுத்திருந்த காணொளியை அன்று இரவு பத்துப் பதினைந்து முறை பார்த்தேன். முதலில் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தேன். கம்பங்கள் எனக்கு வலப்பக்கம் இருந்தன. என் வலக்கை அவளுடைய மூக்குக்குச் சற்று மேலே, உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று ஆடிக்கொண்டே வந்தது. அடுத்த தாண்டுதடை இடப்பக்கம் இருந்ததால், ஒன்பதாவது கம்பம் தாண்டியதுமே என் தோள் அந்தப் பக்கம் திரும்பியது. தோளோடு கை போனது. கையோடு அவள் வந்தாள். ஒரு மாதமாக அவள் ஓடியது கம்பங்களுக்கு இடையே அல்ல, என் கைக்குப் பின்னால்.

அஜிலிட்டியை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். வீவ் போல் எனப்படும் இந்தத் தடையில் 12 கம்பங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். எப்.சி.ஐ. எனப்படும் பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பின் விதிப்படி ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 60 செ.மீ. இருக்க வேண்டும், கம்பத்தின் உயரம் குறைந்தது 1 மீட்டர். நாய் ஊசியில் கோத்த நூல் போல ஒன்றுவிட்டு ஒன்று நெளிந்து போக வேண்டும். முதல் கம்பம் எப்போதும் அதன் இடத்தோளுக்கு அருகில் வர வேண்டும். அதாவது, முதல் இரண்டு கம்பங்களுக்கு இடையே வலப்பக்கத்திலிருந்துதான் நுழைய வேண்டும். மாற்றி நுழைந்தால் அது மறுப்பு. ஒரு மறுப்புக்கு 5 பிழைப்புள்ளி. மூன்று மறுப்பானால் ஓட்டமே தகுதியிழக்கும். நடுவில் ஒரு கம்பத்தை விட்டாலும் 5 புள்ளி. அதைச் சரிசெய்யாமல் அடுத்த தடைக்குப் போனால் அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு 1978ஆம் ஆண்டு லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகளின் தடைதாண்டும் போட்டியை முன்மாதிரியாகக் கொண்டு அரங்கேறியது. தாண்டுவது நாய்க்கு இயல்பு. சுரங்கக் குழாயில் புகுந்து வெளியேறுவதும் அதற்கு எளிதில் பிடித்துவிடும். கம்பங்களின் கதை வேறு. வழியில் மரங்கள் வரிசையாக நின்றால் எந்த நாயும் அவற்றின் ஓரமாக நேரே ஓடும். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி நெளிய அதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆகவே இந்தப் பழக்கம் முழுக்க முழுக்க நாம் கட்டிக்கொடுப்பது. எதைக் கொண்டு கட்டுகிறோமோ, அதை நாய் கடைசிவரை தேடும். நான் கையைக் கொண்டு கட்டியிருந்தேன்.

எப்படிக் கட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். விரல்களுக்கிடையே உணவுத் துண்டைப் பிடித்து, மூக்கின் முன் காட்டி, 6 கம்பங்களுக்கிடையே இழுத்துச் சென்றேன். மூன்றே நாளில் தும்பி ‘கற்றுக்கொண்டாள்’. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையில் அவளுடைய கண் உணவைவிட்டு நகரவே இல்லை. கம்பம் என்ற பொருள் அங்கே இருப்பதைக் கூட அவள் கவனித்திருக்க மாட்டாள். உணவின் பின்னால் போகும் நாய் நடக்கும், ஓடாது. அந்த மெதுவான நடையே உடம்பில் பதிந்துவிடும். பிற்பாடு உணவை மறைத்தேன். கை மட்டும் மிஞ்சியது.

இரண்டு வாரம் கம்பங்களையே காட்டாமல் இருந்துவிட்டு, பிறகு இரண்டே இரண்டு கம்பங்களை நட்டேன். இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டு போகும் இந்த முறையைக் கனடாவின் பயிற்சியாளர் சூசன் கேரட் பரவலாக்கினார். கம்பங்களைத் திறந்த வாசல் போல நாயின் எதிரே நிறுத்த வேண்டும். அது வாசலுக்குள் புகுந்து போன நொடியில் பாராட்டுச் சொல்லையோ, கிளிக்கர் என்ற சிறு கருவியின் ‘டிக்’ ஒலியையோ தந்து, பொம்மையை அது போகும் திசையிலேயே முன்னால் எறிய வேண்டும். நாம் கை காட்டக் கூடாது, அழைக்கக் கூடாது, உடம்பைச் சாய்க்கக் கூடாது. வழியை நாயே கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நாள் தும்பி என் கையையே பார்த்தபடி உட்கார்ந்தாள். குரைத்தாள். எழுந்து என்னைச் சுற்றினாள். என் கை தானாகவே எழப் பார்த்தது. அவளுடைய கழுத்துக் கயிற்றை இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கு நேரே இறுகப் பிடித்துக்கொண்டேன். (அந்தப் பழக்கம் இன்றுவரை இருக்கிறது, கயிறு இல்லாமல் எனக்குக் கம்பங்களின் அருகே நிற்க வராது.) சலித்துப்போய் அவள் விலகி நடந்தபோது, தற்செயலாக வாசல் வழியே போனாள். பொம்மையை எறிந்தேன். இப்படி நான்கு முறை தற்செயல். ஐந்தாவது முறை என் பக்கம் திரும்பாமல் கம்பங்களைப் பார்த்தாள், பிறகு புகுந்தாள். அவள் கம்பத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்துடன் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

பொம்மை விழும் இடம் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கையிலிருந்து பரிசு கொடுத்தால், கம்பத்தைத் தாண்டியதும் நாய் நம் பக்கம் திரும்பும். திரும்பும் நாய்தான் பின்னாளில் பத்தாவது கம்பத்தில் வெளியே வரும். பொம்மை கம்ப வரிசையின் நேர்கோட்டில், நாய்க்கு முன்னால், அது தலையைத் திருப்புவதற்கு முன்பே விழ வேண்டும். முதல் வாரம் முழுக்க என் எறிதல் அரை நொடி தாமதம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகு பொம்மை பறந்தது. ஆக, நான் பரிசளித்தது அவள் திரும்பியதற்கு. இதைக் கண்டுபிடித்ததும் நாயை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் திடலுக்குப் போய், தரையில் ஒரு வட்டில் வைத்து, இடக்கையாலும் வலக்கையாலும் எறிந்து பழகினேன். நாயில்லாமல் செய்த அந்த மூன்று நாள் பயிற்சி, நாயோடு செய்த பல வாரங்களுக்குச் சமம்.

பிறகு வாசலைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். எதிரே திறந்திருந்த வாசல், கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு கம்பங்களாக ஆகும். பத்தில் எட்டு முறை சரியாக நுழைந்தால் ஒரு சிறு திருப்பம். இல்லையென்றால் அப்படியே விட வேண்டும். நான்காம் நாள் அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருப்பிவிட்டேன். தும்பி இரண்டாவது கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். மறுநாள் முந்தைய கோணத்துக்குத் திரும்பிப் போனோம். தவறும்போது நான் எதுவும் சொல்வதில்லை. ‘இல்லை’ என்ற சொல்லைக் கம்பங்களின் அருகே நான் பயன்படுத்துவதே கிடையாது. அந்தச் சொல்லைக் கேட்ட நாய் அடுத்த முறை தயங்கித் தயங்கி நுழைவதைப் பல திடல்களில் பார்த்திருக்கிறேன். மௌனமாகத் திரும்ப அழைத்து, மறுபடி அனுப்பினால் போதும். அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் பயிற்சி கடினமாக இருக்கிறது என்று பொருள். எளிதாக்க வேண்டியது என் வேலை.

அடுத்த இணைக் கம்பங்களை நாலைந்து மீட்டர் தள்ளி நட்டேன். முதல் வாசலைத் தாண்டியதும் அவளே இரண்டாவதைத் தேடிப் போனாள். தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து 60 செ.மீ. ஆக்கியபோது, நான்கு கம்பங்கள் கொண்ட வரிசை கிடைத்தது. அந்த நான்கில் மூன்று வாரம் தங்கினோம். நண்பர்கள் பலர் சீக்கிரம் 12க்குப் போய்விட வேண்டும் என்று தவிப்பார்கள். என் கருத்தில் வீவ் என்பதில் பாதிக்கு மேல் நுழைவுதான். அதைக் கற்க நான்கு கம்பங்கள் தாராளம்.

முதல் கம்பத்தை நடுவாக வைத்து ஒரு கடிகார முகத்தைத் தரையில் கற்பனை செய்துகொள்ளுங்கள். கம்ப வரிசை 12 மணியை நோக்கிப் போகிறது. 6 மணியிலிருந்து நேராக வருவது எளிது. வலப்பக்கம், 3 மணி இருக்கும் திசையிலிருந்து வரும்போது இடைவெளி பளிச்சென்று தெரியும். ஆனால் வேகத்தில் நேரே பாய்ந்துவிட்டால் இரண்டாவது கம்பத்தைச் சுற்றி மடங்க முடியாமல் நாய் வெளியே போய்விடும். இங்கே அது கற்க வேண்டியது வேகத்தை அடக்கிப் பின்னங்காலில் எடையை வாங்கிக்கொள்வது. இடப்பக்கம், 9 மணியிலிருந்து வரும்போது சிக்கல் நேர்மாறானது. முதல் கம்பத்தின் வெளிப்புறமாக வந்து, அதை இடத்தோளில் உரசுவது போலச் சுற்றி உள்ளே வர வேண்டும். கண்ணெதிரே தெரியும் இடைவெளியோ ‘இப்படியே பாய்’ என்று அழைக்கும். தும்பிக்கு இதுதான் கடைசிவரை சவாலாக இருந்தது. 6 மணியில் தொடங்கி, ஒரு நாளைக்கு அந்தக் கடிகார முகத்தில் அரை மணி அளவுக்கு மட்டும் நகர்ந்தோம். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு ஓட்டம், மூன்று நிமிடம், அவ்வளவுதான். அவள் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுவேன்.

வேறு முறைகளும் இருக்கின்றன. கம்பங்களை இரண்டு வரிசையாகப் பிரித்து நடுவே நேர்ப்பாதை அமைத்து, நாள்தோறும் சிறிது நெருக்கிக்கொண்டே வருவது ஒன்று. கம்பங்களை இருபுறமும் சாய்த்து வைத்து மெல்ல நிமிர்த்துவது இன்னொன்று. நாய் தப்பாமல் இருக்க ஓரத்தில் வளைகம்பி பொருத்துவோரும் உண்டு. நேர்ப்பாதை முறையில் கற்ற நாய்கள் தொடக்கத்திலிருந்தே தலையை முன்னால் நீட்டி வேகமாக ஓடுவதைப் பார்த்து வியந்திருக்கிறேன். புதிதாகக் கற்கும், நீண்ட எட்டு வைக்கும் நாய்க்கு அது நல்ல வழி. ஆனால் நுழைவை அங்கே தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கும். தும்பி போல மனிதரையே பார்த்துப் பழகிய நாய்க்கு இரண்டிரண்டு முறைதான் மருந்து.

சிறிய விஷயங்கள் சில. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியும். புல்லின் பச்சைக்கு முன்னால் சிவப்பு எடுபடாது. என் வெள்ளைப் பி.வி.சி. கம்பங்களில் இருந்த சிவப்பு நாடாவை உரித்துவிட்டு நீலம் சுற்றினேன், 12 கம்பங்களிலும் ஒரே மாதிரி. முதல் கம்பத்துக்கு மட்டும் தனி அடையாளம் வைத்தால் நாய் அடையாளத்தைத்தான் கற்கும். இரண்டாவது, ஒரே இடத்தில் ஓடி ஓடித் தரையில் பாம்பு போலத் தடம் விழுந்துவிடும். நாய் கம்பங்களை விட்டுவிட்டுத் தடத்தைப் பின்பற்றத் தொடங்கும். வாரத்துக்கு இரண்டு முறையாவது வரிசையை இடம் மாற்றி நடுங்கள். மூன்றாவது, சொல். ‘நெளி’ என்ற கட்டளையை அவள் தானாகவே உறுதியாக நுழையத் தொடங்கிய பிறகுதான் சேர்த்தேன்; நுழைவுக்கு மூன்று எட்டு முன்னால், ஒரே ஒரு முறை.

இனி உடம்பு. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் மனம் கனக்கிறது. 6 கம்பங்களுக்கு வந்திருந்த சமயம், தும்பியின் வேகம் குறைந்தது. இடப்பக்கம் மடங்க வேண்டிய இடங்களில் மட்டும் கம்பத்தை விட்டுவிட்டு ஓடினாள். நான் அதை ஆர்வக் குறைவு என்று எடுத்துக்கொண்டு, புதிய பொம்மையைக் காட்டி இன்னும் உற்சாகப்படுத்தினேன். அவளும் எனக்காக ஓடினாள். பத்து நாள் கழித்து, வண்டியில் தாவி ஏறாமல் நின்றபோதுதான் மருத்துவரிடம் கொண்டுபோனேன். தொடையை முதுகெலும்போடு இணைக்கும் இலியோசோவாஸ் தசையில் பிடிப்பு. அவர் இடுப்பின் உட்புறம் விரலால் அழுத்தியதும் தும்பி சட்டென்று திரும்பி அவர் கையை நக்கினாள். வலியை அவள் அப்படித்தான் சொன்னாள். ஆறு வாரம் பயிற்சி இல்லை. கயிற்றோடு மெல்ல நடப்பது மட்டும்.

12 கம்பங்களுக்கு 11 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் முதுகெலும்பு ஒரு பக்கம் வளைந்து உடனே மறுபக்கம் வளைகிறது. எடை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு விழுகிறது. விளையாட்டு நாய்களுக்குத் தோளிலும் இடுப்புத் தசையிலும் அடிக்கடி காயம் வருவதில் வியப்பில்லை. குட்டிகளின் எலும்பு வளர்தகடுகள் (எலும்பு நீளும் இளம் பகுதிகள்) மூடுவதற்கு முன் நேர்வரிசையில் நெளிய வைக்கவே கூடாது. பெரிய இனங்களில் அது ஒன்றரை வயதுவரை கூட ஆகலாம். எப்.சி.ஐ. போட்டிகளில் 18 மாதம் நிறையாத நாயை அனுமதிக்காததில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. அதுவரை திறந்த வாசலாக இரண்டு கம்பங்களைக் காட்டிப் புகுந்து போகச் செய்தால் போதும்.

இப்போது எந்த ஓட்டத்துக்கு முன்னும் பத்து நிமிடம் நடை, சிறு ஓட்டம், இரண்டு பக்கமும் வட்டம் சுற்றல், என் கால்களைச் சுற்றி எட்டு போடுதல். நகத்தை வெட்டி, பாதப் பட்டைகளுக்கிடையே வளரும் முடியையும் கத்தரித்துவிடுவேன். வழுக்கும் கால்தான் தசையைக் கிழிக்கும். ஈரப்புல்லில் கம்பம் இல்லை. நன்றாகச் செய்துகொண்டிருந்த நாய் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் தவறினாலோ மெதுவானாலோ, பயிற்சியை யோசிப்பதற்கு முன் உடம்பைத் தடவிப் பாருங்கள்.

ஓய்வுக்குப் பிறகு இரண்டு கம்பங்களிலிருந்தே மீண்டும் தொடங்கினோம். இந்த முறை 6க்கு வர ஒன்பது நாள்தான் ஆனது. அவளுடைய நடை அப்போதுதான் உருவானது. சில நாய்கள் இரு முன்னங்கால்களையும் சேர்த்து வைத்துத் துள்ளும். தும்பி ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நீந்துவது போலப் போனாள். அதில் நான் தலையிடவில்லை. உயரமும் உடலமைப்பும் தீர்மானிக்க வேண்டியது அது. 6 கம்பங்கள் கொண்ட இரண்டு வரிசைகளை இடைவெளி விட்டு நட்டு, நெருக்கி, 12 ஆக்கினோம்.

பிறகு வந்ததுதான் எனக்கான பயிற்சி. நான் நிற்பேன், அவள் போக வேண்டும். நான் முந்தி ஓடுவேன், பின்தங்குவேன், ஐந்து மீட்டர் பக்கவாட்டில் விலகுவேன், அவள் நுழையும்போது பின்புறமாகக் குறுக்கே கடப்பேன். அவள் வரிசையை விடக் கூடாது. ஒவ்வொரு புதிய அசைவுக்கும் 12இலிருந்து 6 கம்பங்களுக்கு இறங்கி, அங்கே உறுதியான பிறகு மீண்டும் ஏறினோம். ஓடுவது அவளைக் கலைக்கவில்லை. நான் வேகம் குறைப்பதுதான் கலைத்தது. என் வேகம் குறைந்தால் திரும்பப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே எட்டாவது கம்பத்தருகே வேண்டுமென்றே சட்டென நிற்பேன். வரிசையின் முடிவில் காத்திருக்கும் நண்பர் பொம்மையை உருட்டிவிடுவார். என்னைவிட்டுப் போனால்தான் பொம்மை என்பது அவளுக்கு விளங்க மூன்று மாலைகள் பிடித்தன.

முதல் போட்டிக்கு ஒன்பது மாதம் கழித்து மறுபடியும் களத்தில் நின்றோம். சுரங்கக் குழாயிலிருந்து வெளியே வந்தால் கம்பங்கள் இடப்பக்கக் கோணத்தில், அதாவது எங்கள் 9 மணியில். குழாயிலிருந்து வெடித்துக்கொண்டு வந்தவள் நேரே இரண்டாவது இடைவெளியில் பாய்ந்தாள். நடுவரின் கை உயர்ந்தது. மறுப்பு. என் கைகள் நெஞ்சருகே இறுகின. கயிறு இல்லாத இடத்தில் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழைக்க வாய் திறப்பதற்குள் தும்பி நின்றாள். இரண்டு கம்பங்களையும் பார்த்தாள். தானே வெளியே வந்து, அரை வட்டம் அடித்து, முதல் கம்பத்தை இடத்தோளில் உரசிக்கொண்டு உள்ளே போனாள்.

பத்தாவது கம்பத்தில் என் தோள் பழையபடி அடுத்த தடையின் பக்கம் திரும்பிவிட்டது; எனக்கே அது தெரிந்தது. பதினொன்று. பன்னிரண்டு. அவள் முகம் முன்னாலேயே இருந்தது. 5 பிழைப்புள்ளிகளோடு ஓடிக்கொண்டிருந்தோம் என்பது அந்த நேரம் நினைவிலேயே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். நான் அடியெடுத்து வைப்பதற்குள் அடுத்த தடையை அவள் தாண்டியிருந்தாள்.